பழைய டிராக்டரை மீட்டெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாங்கிய அன்றே இன்னொரு டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யப் பார்ப்பதுதான் இந்த வேலையில் பெரும் செலவு வைக்கும் தவறு. செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்துத் தோப்புகளில் வருஷக்கணக்கில் நின்ற மாஸி ஃபெர்குசன் 35, இன்டர்நேஷனல் பி-275, ஜீட்டர் 2511 எதுவானாலும் முதலில் சைலன்சரைப் பாருங்கள். வானத்தைப் பார்த்து மூடியில்லாமல் நின்றிருந்தால், ஐப்பசி கார்த்திகை மழை அதன் வழியே இறங்கி, எக்ஸாஸ்ட் வால்வு திறந்து நிற்கும் சிலிண்டருக்குள் தேங்கியிருக்கும். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரான லைனரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், வால்வு தன் கைடு குழாயில் சிக்கிக்கொள்ளும். அந்த நிலையில் இழுத்தால் புஷ் ராடு மடங்கும், கனெக்டிங் ராடு வளையும். எண்ணெய் ஊற்றினாலே விட்டிருக்க வேண்டிய என்ஜின், சிலிண்டரைக் கடையும் போரிங் பட்டறைக்குப் போகும்.

முதலில் என்ஜினுக்கு அடியில் ஆயில் வடிக்கும் சம்ப் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலுக்குக் கீழே தங்கும் என்பதால் அதுதான் முதலில் வெளியே வரும். வந்தால், உள்ளே துரு இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்து வால்வுகளுக்கு மேலே இருக்கும் மூடியை (ராக்கர் கவர்) கழற்றி, ஒவ்வொரு வால்வையும் மரச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். இறங்கித் தானாக மேலே வராத வால்வை விடுவிக்காமல் கிராங்கைச் சுற்றக்கூடாது. பிறகு டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து, சிலிண்டருக்கு 50 மில்லி அளவில் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அசிட்டோன் சட்டெனத் தீப்பிடிக்கும்; பக்கத்தில் வெல்டிங், கிரைண்டர் வேலை வேண்டாம். குறையக் குறைய ஊற்றி வாருங்கள். பிறகு நீளமான பாரை ஃப்ளைவீல் பல்லில் கொடுத்து முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். அரை சென்டிமீட்டர் நகர்ந்ததும் அதே பக்கம் முழுக்கத் தள்ளாதீர்கள். திரும்பக் கொண்டுவந்து, இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மறுபடி தள்ளுங்கள். பொறுமை இல்லாதவர்கள் ஹெட்டைக் கழற்றி பிஸ்டன் தலையில் இரும்புச் சுத்தியலால் அடிப்பார்கள். பிஸ்டன் அங்கேயே விரிசல் விடும்.

என்ஜின் சுற்றிவிட்டது என்பதற்காக உடனே ஸ்டார்ட் செய்யவும் கூடாது. புது ஆயில் ஊற்றி, நாசில் இல்லாமலே செல்ஃபில் சுற்றி, மீட்டரில் ஆயில் பிரஷர் ஏறுவதைப் பாருங்கள். நாசில் துளைகளுக்கு நேரே யாரும் நிற்க வேண்டாம். உள்ளே ஊற்றிய எண்ணெய் பீய்ச்சியடிக்கும்.

ரொம்ப நாள் நின்ற டீசல் பம்பில், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ரேக் அல்லது மீட்டரிங் வால்வு முழு டீசல் நிலையிலேயே ஒட்டியிருக்கலாம். ஸ்டார்ட் ஆன நொடியில் என்ஜின் கத்திக்கொண்டு வேகமெடுக்கும், ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது. ஆகவே முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த வாயை அடைக்கக் கனமான பலகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும். கையால் பொத்தக்கூடாது, துணியாலும் கூடாது. சி.ஏ.வி. ரோட்டரி பம்புக்கு டீசலேதான் மசகு எண்ணெய். டேங்கில் உள்ள துருவைக் கழுவாமல், டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றாமல் உலர்வாகச் சுற்றினால் பம்பு ஹெட்டே தேய்ந்துபோகும்.

பாகங்கள் விஷயத்தில் சென்னைக்காரர்களுக்கு யோகம்தான். 1960-இல் மாஸி ஃபெர்குசன் கூட்டுறவோடு டாஃபே டிராக்டர் நிறுவனம் தொடங்கியது இங்கே. பிரிட்டனின் பெர்கின்ஸ் நிறுவன வடிவமைப்பில் என்ஜின் செய்த சிம்சனும் சென்னைச் செம்பியத்தில்தான் இருக்கிறது. இங்கே தயாரான மாடல்களின் சாமான்கள் இறக்குமதியான 35-க்குப் பல சேரும், எல்லாம் சேராது. அதனால் பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப்போய், வெர்னியரால் அளந்து வாங்குங்கள். புதியது மாட்டி ஓடிய பிறகுதான் பழையது காயலான் கடைக்குப் போக வேண்டும்.

மரை விஷயத்தில் கெட்டுப்போகும் வண்டிகள் ஏராளம். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த், பி.எஸ்.எஃப்., யு.என்.எஃப்., யு.என்.சி. என்ற இஞ்ச் மரை வகைகள் கலந்தே வரும். ஜீட்டரில் மெட்ரிக். அரை இஞ்ச் விட்வொர்த்தில் ஒரு இஞ்சுக்கு 12 மரை, யு.என்.சி.யில் 13. இரண்டு மூன்று சுற்று ஏறிப் பிடித்துக்கொள்ளும், அதனால் உடனே தெரிந்துவிடும். ஏமாற்றுவது இரண்டு வகையிலும் மரை எண்ணிக்கை ஒன்றாக இருக்கும் சைஸ்கள்தான். 3/8 இஞ்சில் இரண்டிலும் 16 மரை. ஆனால் மரையின் கோணம் விட்வொர்த்தில் 55 டிகிரி, யு.என்.சி.யில் 60. முழுக்க ஏறிவிடும், இறுக்கும்போது வார்ப்பிரும்பின் மரையைத் தின்றுவிடும். மரையை அளந்து பார்க்கும் த்ரெட் கேஜ் ஒன்று இதைத் தடுக்கும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் கிலோ கணக்கில் வாங்கிய போல்டை ஸ்பேனர் சேர்கிறது என்று பார்த்துப் பூட்டாதீர்கள்.

அதே காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது வண்டியின் இரும்போடு இணையும் முனை. பார்க்காமல் ஆல்டர்னேட்டர் மாட்டினால் டையோடு அன்றே போய்விடும்.

கிளட்ச் மாற்ற வண்டியை நடுவில் பிரிக்கும் முன், முன் ஆக்சிலுக்கும் சப்போர்ட்டுக்கும் இடையே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் என்ஜின் உள்ள முன்பாதி, ஆக்சிலின் நடு அச்சில் (பிவட்) சாய்ந்து ஆள் மேலேயே விழும். பழைய கிளட்ச் பிளேட்டிலும் பிரேக் ஷூவிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஏர் அடித்துத் தூசி தட்டாதீர்கள், நனைத்துத் துடையுங்கள்.

பெயின்ட் கடைசி வேலை. அதற்கு முன் சேசிஸ் தகடு, வார்ப்பு எண்கள், பழைய நிறம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். 1957 கடைசிக்கு முந்தைய ஃபெர்குசன் 35 சாம்பலும் பொன்னிறமுமாக வந்தது. சிவப்பு மாஸி நிறம் அதற்குப் பிறகுதான். சிவப்பு அடித்தால் வண்டியின் சரித்திரத்தையே மறைத்துவிடுகிறோம். சாண்ட் பிளாஸ்டுக்குக் கடற்கரை மணல் கூடவே கூடாது. உப்பு இரும்பில் புகுந்து பெயின்டுக்கு அடியில் அரிக்கும். கூட்டிய என்ஜினில் அடித்தால் மணல், காற்றுத் துளையான பிரீதர் வழியே பேரிங்குக்குப் போகும். துரு நீக்கிய தகட்டுக்கு அன்றைக்கே எபாக்சி பிரைமர் போட வேண்டும். சென்னைக் காற்றில் சில மணி நேரத்திலேயே பழுப்பேறிவிடும். பிரைமர் அடிக்கும்போது தகட்டின் சூடு, காற்றின் ஈரம் நீராகப் படியும் பனிநிலைக்கு மேல் 3 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதற்கு வாய்ப்பு குறைவு, ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஒத்துவரும்.

டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் கிராலர் வாங்குபவர்கள் என்ஜின் சத்தத்தில் மயங்கிவிடுகிறார்கள். பணத்தை விழுங்குவது கீழே இருக்கும் செயின், ஸ்ப்ராக்கெட், ரோலர், ஐட்லர். செயினின் நாலு லிங்க் நீளத்தை ஒரு இணைப்பு ஊசியிலிருந்து (pin) மற்ற ஊசி வரை அளந்து, புதுச் செயினின் அளவோடு ஒப்பிட்டுவிட்டு விலை பேசுங்கள். வெயிலில் நின்ற டோசரில் ஸ்டீயரிங் கிளட்ச் துருவில் ஒட்டி, ஒரு பக்கம் மட்டுமே திரும்பும். செயினைத் தாங்கும் முன் சக்கரமான ஐட்லருக்குப் பின்னால் உள்ள ரீகாயில் ஸ்பிரிங்கை பிரஸ் இல்லாமல் யாரும் கழற்றக்கூடாது. டன் கணக்கான அழுத்தத்தில் இருக்கிறது, விட்டால் உயிர் போகும்.

ஆர்.சி. புத்தகம் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2021-இல் வந்த பழங்கால வாகனப் பதிவு விதிகள், ஐம்பது ஆண்டு கடந்த இருசக்கர வாகனங்களுக்கும் பயணிகள் காருக்கும் உரியவை. டிராக்டர் அதில் வராது என்பதால், அந்த வி.ஏ. நம்பர் பிளேட்டை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். காகிதம் இல்லாத வண்டியை லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர முடியும்.