லேசான மூளை ரத்தக் கசிவுள்ள குறைமாதக் குழந்தைக்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்கும் முறை

வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பகுதிகளில் பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவுகளில் புதிதாகப் பணியேற்கும் மருத்துவர்களுக்காக, ரத்த ஓட்டத்தின் வேகத்தை ஒலி அலைகளால் அளக்கும் டாப்ளர் ஸ்கேன் பற்றி இதை எழுதுகிறேன். 32 வாரங்களுக்கு முன் பிறக்கும் குழந்தையின் மூளை அறைகளை (மூளைநீர் நிறைந்த உட்குழிகளை) ஒட்டி, முதிராத மெல்லிய நாளங்கள் நிறைந்த திசுப்படுகை ஒன்று உள்ளது. கசிவு பெரும்பாலும் பிறந்த முதல் 72 மணி நேரத்திற்குள் அங்கேதான் தொடங்குகிறது. 1978-இல் அமெரிக்க மருத்துவர் பாப்பைல் குழுவினர் வகுத்த தரவரிசைப்படி, கசிவு அப்படுகைக்குள் அடங்கியிருந்தால் முதல் நிலை; மூளை அறைக்குள் இறங்கியும் அறை விரியாமல் இருந்தால் இரண்டாம் நிலை. இவற்றை 'லேசானது' என்று குறித்துவிட்டுக் கடந்துபோவது எனக்கு உடன்பாடில்லை. அந்த ரத்தக்கட்டி அருகிலுள்ள சிரையை நெருக்கினால், ரத்தம் வடிய வழியின்றி மூளைத் திசுவே பாதிக்கப்படலாம்.

மூக்கில் சளி உறிஞ்சிய உடனேயும், ரத்தம் எடுத்த உடனேயும், குழந்தை அழும்போதும் ஸ்கேன் எடுக்கக் கூடாது. அப்போது கிடைக்கும் அளவு அந்த நேரத்துப் பதற்றத்தையே காட்டும். ஜெல்லை வெதுவெதுப்பாக்கி, இன்குபேட்டரின் கைத்துளை வழியாகவே வேலையை முடிக்க வேண்டும். டாப்ளர் அலைகள் சாதாரண ஸ்கேனைவிடத் திசுவைக் கூடுதலாகச் சூடாக்கும் என்பதால், கருவியின் ஆற்றலைக் குறைத்து, தேவையான நேரத்திற்கு மட்டும் இயக்க வேண்டும்.

ஸ்கேன் கருவியில் கையால் பிடித்துத் தலையில் வைக்கும் பகுதியான புரோபை உச்சிக்குழியின் மேல் நடுக்கோட்டில் வைத்து, ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் வண்ண டாப்ளரில், மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தின் முன்வளைவை ஒட்டி மேலேறும் முன்மூளைத் தமனியைத் தேடுங்கள். அங்கே ரத்தம் ஏறத்தாழ நேராகப் புரோபை நோக்கி வருவதால் கோணப்பிழை குறைவு. ஒரே சீரான சில அலைகள் கிடைத்ததும், இதயம் சுருங்கும்போதுள்ள உச்ச வேகத்திலிருந்து விரிவின் இறுதி வேகத்தைக் கழித்து, உச்ச வேகத்தால் வகுத்தால் தடைக் குறியீடு கிடைக்கும். உச்ச வேகம் நொடிக்கு 40 செ.மீ., இறுதி வேகம் 10 செ.மீ. என்றால் குறியீடு 0.75. குறைமாதக் குழந்தைகளில் பொதுவாக 0.6-க்கும் 0.9-க்கும் இடையில் இருக்கும்.

இங்கேதான் கை சொல்லும் பொய்யைக் கவனிக்க வேண்டும். உச்சிக்குழியைச் சற்று அழுத்திப் பிடித்தாலே இறுதி வேகம் 4-ஆகச் சரிந்து, குறியீடு 0.90 என்று உயரக்கூடும். நோய் எதுவும் மாறியிருக்காது. ஆகவே ஜெல்லின் மேல் புரோப் மிதக்கும் அளவுக்கே வைத்து, இரண்டு மூன்று முறை எடுத்துப் பார்க்க வேண்டும். பிறந்தபின் மூடிக்கொள்ள வேண்டிய, இதயத்தருகேயுள்ள டக்டஸ் நாளம் மூடாதிருந்தால் அதுவும் இறுதி வேகத்தைக் குறைக்கும், சில சமயம் ஓட்டத்தைத் திருப்பியும் விடும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் மூளை நாளங்கள் விரிந்து குறியீடு இறங்கும். இதயத்தின் நிலை, ரத்த அழுத்தம், வென்டிலேட்டர் அளவு, அன்றைய ரத்த வாயுப் பரிசோதனை ஆகியவற்றை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதாத அறிக்கையால் பயனில்லை.

தமனியோடு நின்றுவிடாமல், மூளையின் ஆழ்பகுதிகளான தலாமஸுக்கும் காடேட் முடிச்சுக்கும் இடையிலான பள்ளத்தருகே செல்லும் சிரையையும் வண்ண டாப்ளரில் இருபுறமும் ஒப்பிட்டுப் பாருங்கள். கசிவுள்ள பக்கத்தில் ஓட்டம் தெரியாவிட்டால் மறுநாளே மீண்டும் பார்ப்பது நல்லது. மற்றபடி ஒரு வாரம் கழித்தும், நான்கு முதல் ஆறு வாரங்களிலும், நிறைமாத வயதை எட்டும்போதும் ஸ்கேன் தேவை. குறியீடு படிப்படியாக உயர்ந்து, மூளை அறைகளும் விரிந்து, தலைச் சுற்றளவும் வேகமாகக் கூடினால் மூளையில் நீர்த் தேக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

உச்சிக்குழியில் கருவியை வைப்பதைக் கண்டு குழந்தையின் பாட்டிமார் அஞ்சுவார்கள். "இதில் ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை அம்மா, ஒலியை வைத்துத்தான் பார்க்கிறோம்" என்று தொடங்கும் முன்பே சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பும் குழந்தையின் டிஸ்சார்ஜ் சீட்டில் கசிவின் நிலை, பக்கம், கடைசிக் குறியீடு, தலைச் சுற்றளவு, அடுத்த ஸ்கேன் தேதி ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். வாரந்தோறும் தலையை அளக்கப்போகும் கிராமச் செவிலியர் கையில் இருக்கப்போவது அந்தச் சீட்டு மட்டுமே.