சொந்தமா படம் எடுத்து பொழைக்கணும்னா கேமராவ கடைசியா யோசிங்க

எல்லாரும் "என்ன கேமரா வாங்கலாம்"னுதான் ஆரம்பிக்கறாங்க. நானும் அப்படித்தான், மூணு மாசம் லென்ஸ் ரிவ்யூ பாத்தே போச்சு, கைல ஒரு பக்கம் ஸ்க்ரிப்ட் கிடையாது. அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கர் 2015ல வந்த டேஞ்சரீன் படத்த ஐபோன் 5எஸ்ல எடுத்தார்னு ஊரே பேசும், ஆனா சவுண்ட மட்டும் ஃபோன நம்பாம தனியா ஒழுங்கான மைக் வச்சு எடுத்தாங்கங்கறத யாரும் பேசறதில்ல. பிக்சர் கொஞ்சம் சுமாரா இருந்தா ஏதோ ஸ்டைல் போலன்னு விட்டுடுவாங்க, வசனம் கேக்கலன்னா எந்திரிச்சு போயிடுவாங்க.

அதனால மொத காச சவுண்டுக்கு போடுங்க. ஒரு ரெக்கார்டர், ஒரு பூம் மைக் (நீளமான கம்புல மாட்டற மைக்), அத பிடிக்க ஒரு ஆள், இது போதும். மைக் எவ்ளோ நல்லதுங்கறத விட வாய்க்கு எவ்ளோ கிட்ட இருக்குங்கறதுதான் விஷயம். வீட்டுக்குள்ள எடுத்தா ஃபேன், ஃப்ரிட்ஜ் ரெண்டையும் அணைக்கணும், ஃப்ரிட்ஜ திரும்ப போட மறந்துடுவோம், அதுக்கு பழைய ட்ரிக் ஒண்ணு இருக்கு, வண்டி சாவிய ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சுடுங்க, கெளம்பும்போது சாவி தேடுவீங்கல்ல, தானா ஞாபகம் வரும். ஒவ்வொரு சீன் முடிஞ்சதும் எல்லாரையும் வாய மூடிட்டு நிக்க சொல்லி ஒரு நிமிஷம் அந்த ரூம் சத்தத்த மட்டும் ரெக்கார்ட் பண்ணுங்க. எடிட்ல ரெண்டு வசனத்துக்கு நடுவுல ஓட்டை விழுந்தா அடைக்க அதுதான் கைகுடுக்கும்.

கதைய பொறுத்தவரைக்கும், இல்லாதத எழுதிட்டு அப்புறம் தேடாதீங்க, இருக்கறத வச்சு எழுதுங்க. ஒரு வீடு கிடைக்குமா, பகல் வெளிச்சம் வருமா, நடிக்க ரெண்டு பேர் இருக்காங்களா, அதுக்குள்ள என்ன நடக்கலாம்னு யோசிங்க. கிறிஸ்டோபர் நோலன் தன்னோட மொத முழுநீளப் படம் ஃபாலோயிங்க (1998) இப்படித்தான் எடுத்தார், எல்லாரும் வேலைக்கு போறவங்க, லீவு நாள்ல மட்டும் ஷூட்டிங், கிட்டத்தட்ட ஒரு வருஷம் இழுத்துச்சு. ஃபிலிம் சுருள் செலவு கட்டுப்படியாகாதுன்னு முன்னாடியே நல்லா ரிகர்சல் பண்ணிட்டு ஒண்ணு ரெண்டு டேக்ல முடிச்சாங்க. ரிகர்சலுக்கு வாடகை கிடையாதுங்க, ஆனா நம்மாளுங்க மொதல்ல வெட்டறதே அதத்தான்.

மொத குறும்படம் பத்து நிமிஷத்த தாண்டாம பாத்துக்கோங்க. ஆஸ்கர்ல 40 நிமிஷம் வரைக்கும் குறும்படம்தான், பிரான்ஸ்ல நடக்கற கான்ஸ் ஃபெஸ்டிவலோட குறும்பட போட்டில க்ரெடிட்ஸோட சேத்து 15 நிமிஷம்தான், ஆனா ரூல விடுங்க, அஞ்சாறு படத்த சேத்து ஒரு ஷோவா போடறவங்களுக்கு 28 நிமிஷ படம் ஒரு தலைவலி, சுமாரா இருக்கற நீளமான படத்துக்காக நல்லா இருக்கற மூணு சின்ன படத்த யாரும் வெளிய தள்ள மாட்டாங்க.

ஷூட்டிங்ல டேட்டா மூணு காப்பி இருக்கணும், அதுல ஒண்ணு வேற வீட்ல. காப்பி ஒழுங்கா வந்துருக்கான்னு திறந்து பாக்காம மெமரி கார்ட ஃபார்மட் பண்ணாதீங்க, இத ஒரு ஆள் பொறுப்புல விட்டுடுங்க.

இப்போ பேப்பர். இதான் போர், ஆனா தொழில் இங்கதான் இருக்கு. நடிச்சவங்க, எழுதினவங்க, இடம் குடுத்தவங்க, மியூசிக் போட்டவங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கணும், அதுவும் ஷூட்டிங்குக்கு முன்னாடியே. பாட்டுக்கு ரெண்டு உரிமை இருக்கு, பாட்ட எழுதி இசையமைச்சதுக்கு ஒண்ணு, அத பாடி ரெக்கார்ட் பண்ணினதுக்கு தனியா ஒண்ணு. என் படத்துல ஒரு பையன் பாத்திரம் கழுவிட்டே பழைய பாட்டு ஒண்ண முணுமுணுப்பான், 12 செகண்ட்தான் இருக்கும், ஸ்க்ரிப்ட்லயே கிடையாது, அவனா பண்ணான், அழகா இருந்துச்சுன்னு விட்டுட்டேன். ஒன்றரை வருஷம் கழிச்சு படத்த வாங்கறோம்னு வந்தவங்க மொத கேள்வியே "இந்த பாட்டுக்கு பேப்பர் எங்க"ன்னுதான் கேட்டாங்க. அவன் பாடறதும் அந்த சீன்ல அம்மாவா நடிச்சவங்க பேசறதும் ஒரே மைக்ல, ஒரே ட்ராக்ல, பிரிக்கவே முடியல, கடைசில அந்த சீன் முழுக்க டப்பிங் பண்ணோம், இன்னிக்கும் அந்த சீன் வந்தா நான் தலைய குனிஞ்சுக்குவேன். ஃபெஸ்டிவலுக்கு மட்டும்னு கம்மி விலைக்கு குடுக்கற மியூசிக் லைசன்சும் இதே கதைதான், ஓடிடிக்கு போகும்போது திரும்ப அவங்க வாசல்ல போய் நிக்கணும்.

படம் முடிஞ்சதும் கை துறுதுறுன்னு இருக்கும், யூட்யூப்ல போட்டுடாதீங்க. சில பெரிய ஃபெஸ்டிவல் வேற எங்கயும் காட்டாத படம்தான் வேணும்பாங்க, கான்ஸ்ல நெட்ல வந்த படத்த எடுக்கறதில்ல. எல்லாத்துக்கும் அனுப்பினா என்ட்ரி ஃபீஸே கேமரா வாடகைய தாண்டிடும், அதனால ஒவ்வொண்ணும் போன வருஷம் என்ன மாதிரி படம் எடுத்தாங்கன்னு பாத்துட்டு பதினஞ்சு இருபது மட்டும் பொறுக்கி, ஏர்லி டெட்லைன்லயே (ஃபீஸ் கம்மியா இருக்கற மொத கெடு) அனுப்புங்க. தேர்வாச்சுன்னா தியேட்டருக்கு டிசிபி (தியேட்டர் ப்ரொஜக்டர்ல ஓடற டிஜிட்டல் காப்பி) கேப்பாங்க, அத ஒரு தடவையாவது நெஜ தியேட்டர்ல ஓட்டி பாத்துடுங்க, லேப்டாப்ல நல்லா இருந்த சவுண்ட் அங்க வேற மாதிரி கேக்கும்.

வாங்கறேன்னு யாராவது வந்தா சந்தோஷத்துல கையெழுத்து போடாதீங்க. எத்தன வருஷத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு, வேற யாருக்கும் குடுக்க கூடாதா, இத மொதல்ல கேளுங்க. "செலவு போக மீதில பங்கு"ன்னு இருந்தா செலவுக்கு ஒரு உச்ச வரம்பு எழுதி வாங்குங்க, இல்லன்னா அந்த மீதி எப்பவுமே வராது. நீங்க ஒரு வக்கீல்கிட்ட காட்டறேன்னு சொன்னதும் அவசரப்படுத்தறாங்கன்னா விட்டுடுங்க.

சாப்பாட்டுக்கு என்ன பண்றது? மொத ரெண்டு மூணு படத்துல காசு வராது, அத நம்பி இருக்கற வேலைய விடாதீங்க. மத்தவங்க படத்துக்கு எடிட்டிங் பண்ணுங்க, சவுண்ட் பண்ணுங்க, சப்டைட்டில் போடுங்க. என்ன கேட்டா எடிட்டிங்தான், மத்தவங்க செட்ல பண்ற தப்ப எல்லாம் சம்பளம் வாங்கிட்டு கத்துக்கலாம்.

ஃபெஸ்டிவலுக்கு போறதுக்கு முன்னாடி அடுத்த கதைய ஒரு பக்கத்துல எழுதி ஃபோன்ல வச்சுக்கோங்க. படம் பிடிச்சுப்போய் பேச வர்றவங்க ரெண்டாவதா கேக்கறது "அடுத்து என்ன"ன்னுதான், என்கிட்ட ஒருத்தர் அப்படி கேட்டப்போ நான் "யோசிச்சுட்டு இருக்கேன்"னு சொன்னேன், "சரி, யோசிங்க"ன்னு சிரிச்சுட்டு டீ எடுக்க போயிட்டார்.