மாதிரி இரயில் பாதையில் பாயிண்டுகளை மின்பிரிப்புச் செய்யும் முறை

இரு தண்டவாளங்களும் மின்சாரத்தைச் சுமக்கும் மாதிரி இரயிலில், பாயிண்டின் (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடம்) கிராசிங்தான் (உள் தண்டவாளங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் V வடிவத் துண்டு) தொல்லை தரும் இடம். எதிரெதிர் மின்முனைகளைச் (+, −) சேர்ந்த இரண்டு தண்டவாளங்கள் அங்கே கூடுகின்றன. கிராசிங் பிளாஸ்டிக்கால் ஆனதென்றால் ஷார்ட் ஆகும் அச்சம் குறைவு. ஆனால் சிறிய எஞ்சின் மெதுவாகச் செல்லும்போது மின்சாரமற்ற அந்தத் துண்டின் மேல் நின்றுவிடும். ஆகவே உலோகக் கிராசிங்கையே நான் தேர்ந்தெடுப்பேன். அதற்கு மின்பிரிப்பு, அதாவது கிராசிங்கை மற்றத் தண்டவாளங்களிலிருந்து மின்தொடர்பின்றிப் பிரிப்பது, கட்டாயம்.

கிராசிங்கிலிருந்து வெளியேறும் இரண்டு உள் தண்டவாளங்களிலும் உலோக ஃபிஷ்பிளேட்டை (இரு தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சிறு தகடு) எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் ஃபிஷ்பிளேட்டை மாட்ட வேண்டும். பாதையை ஏற்கெனவே ஒட்டிவிட்டிருந்தால், மெல்லிய ரம்பத்தால் அவ்விரண்டையும் அறுத்து, இடைவெளியில் பிளாஸ்டிக் தகட்டுத் துண்டைச் செருகி, எப்பாக்ஸி பசையால் ஒட்டி, தண்டவாளத்தின் வடிவத்திற்கு அரத்தால் ராவிவிடலாம். சேலத்தில் இந்தத் தகட்டை ஒருபோதும் தவிர்க்கக்கூடாது. ஒரு மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் நீளும் என்பதால், காலையில் திறந்திருந்த வெற்று இடைவெளி மொட்டைமாடி அறையின் சித்திரை வெயிலில் மூடிக்கொள்ளும். என் முதல் பாதையில் நடந்தது அதுவே, ஷார்ட் எங்கே என்று இரண்டு நாள் தேடினேன். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு வெயிலைவிடப் பனிமூட்டத்தின் ஈரம்தான் பகை என்பதால், பாதையைத் தாங்கும் ஒட்டுப்பலகையின் விளிம்புகளுக்கும் அடிப்புறத்திற்கும் முதலிலேயே வார்னிஷ் பூச வேண்டும்.

இப்போது கிராசிங் தனித்துவிட்டது. பாயிண்ட் திரும்பும் பக்கத்திற்கேற்ப அதன் மின்முனையும் (+, −) மாற வேண்டும். பாயிண்டை நகர்த்தும் கம்பியோடு ஒரு மைக்ரோசுவிட்சைப் (கம்பி நகரும்போது தானே மாறும் சிறு சுவிட்ச்) பொருத்தி, அதன் பொதுமுனையைக் கிராசிங்கிற்கும், மற்ற இரண்டு முனைகளை இரு வெளித் தண்டவாளங்களுக்கும் இணைக்க வேண்டும். பாயிண்ட் எப்பக்கம் இருந்தாலும் ஷார்ட் ஆனால், அவ்விரண்டு வயர்களும் இடம் மாறியுள்ளன என்று பொருள். பிளாஸ்டிக் ஃபிஷ்பிளேட்டுக்கு அப்பாலுள்ள தண்டவாளங்களுக்குத் தனி ஃபீடர் வயர் (மின்சாரம் கொண்டுவரும் வயர்) கொடுக்க மறக்கக்கூடாது.

டங் ரயில்கள் (பாயிண்டில் பக்கவாட்டில் நகரும் கூர்முனைத் தண்டவாளங்கள்) கிராசிங்கோடு மின் இணைப்பில் இருந்தால், திறந்திருக்கும் டங்கின் மேல் சக்கரத்தின் பின்புறம் உரசி ஷார்ட் ஆகலாம். அவ்வாறு நேர்ந்தால் டங்கிற்கும் கிராசிங்கிற்கும் இடையிலும் அறுத்து, ஒவ்வொரு டங்கையும் பக்கத்திலுள்ள வெளித் தண்டவாளத்தோடு சிறு வயரால் இணைக்க வேண்டும்.

சோதிக்கும்போது கன்ட்ரோலரைக் கழற்றி, எஞ்சின்களையும் விளக்குள்ள பெட்டிகளையும் எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை மின்தொடர்பு இருந்தால் ஒலி எழுப்பும் நிலைக்கு மாற்றி இரு தண்டவாளங்களிலும் வைத்து, பாயிண்டை இருபுறமும் திருப்பிப் பார்க்க வேண்டும், ஒலி எழக்கூடாது. இதே சோதனையைப் பிற்பகல் மூன்று மணி வெயிலில் மீண்டும் ஒருமுறை செய்வது நல்லது.