குழந்தைக்குச் சின்ன ஆபரேஷன்: பயமில்லாமல் கூட்டிப்போய்க் கூட்டிவருவது எப்படி?

காதில் குட்டிக் குழாய் வைப்பது, குடலிறக்கத்தைச் சரிசெய்வது, கட்டியைக் கீறிச் சீழ் எடுப்பது, கிழிந்த நெற்றியில் தையல் போடுவது. டாக்டருக்கு இவை சிறிது நேர வேலை. "மைனர் ப்ரொசீஜர்தான், பயப்படாதீங்க" என்பார். மருத்துவக் கணக்கில் அது சரி. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரிவதெல்லாம் புது இடமும், முகத்தை மூடிய ஆட்களும், கையை இறுக்கிப் பிடிக்கும் யாரோ ஒருவரும்தான். இரண்டு முதல் ஆறு வயதுவரை உள்ள குழந்தையை முதல்முறை கூட்டிப்போகிறவர்களுக்காக, என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் உங்கள் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

முழு மயக்கமா, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வார்களா? எவ்வளவு நேரம் ஆகும்? மயங்கும்வரை நான் கூட இருக்கலாமா? கண் விழிக்கும்போது என்னை உள்ளே விடுவீர்களா? கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

கடைசி இரண்டு கேள்விகளையும் கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரு காலத்தில் மருத்துவமனைகள் பெற்றோரை வார்டுக்குள் விடவே தயங்கின. பார்வை நேரம் முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். 1959-ல் பிரிட்டனில் வந்த பிளாட் அறிக்கைதான், பெற்றோர் தடையின்றி வந்து குழந்தையைப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்து அந்தப் போக்கை மாற்ற வழிசெய்தது. நீங்கள் கூட இருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

நீங்கள் சொல்லவேண்டியவையும் உண்டு: ஒவ்வாமை, இப்போது கொடுக்கும் மருந்துகள், வீசிங், ஆடும் பல், குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் ஏற்பட்ட சிக்கல். சளியோ காய்ச்சலோ இருந்தால் மறைக்காதீர்கள். சளி பிடித்திருக்கும்போது மூச்சுக்குழாய் எளிதில் சுருங்கிக்கொள்ளும் என்பதால் தேதியைத் தள்ளிவைக்கக்கூடும். அது நல்லதற்குத்தான்.

2. எப்போது சொல்வது?

இரண்டு, மூன்று வயதென்றால் முந்தைய நாள் போதும். நான்கிலிருந்து ஆறு வயதுவரை இரண்டு மூன்று நாள் முன்னால் சொல்லலாம். ரொம்ப முன்னாடியே சொன்னால் அத்தனை நாளும் பயம் வளரும். சொல்லாமலே ஏமாற்றிக் கூட்டிப்போவது அதைவிட மோசம்.

3. என்ன வார்த்தைகளில் சொல்வது?

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்.

"வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஊசி பட்ட நொடியிலேயே அந்தப் பேச்சு பொய்யாகிவிடும். அதற்குப்பிறகு "இனிமே ஒண்ணும் பண்ணமாட்டாங்க" என்று நிஜத்தைச் சொன்னாலும் குழந்தை நம்பாது. "சுருக்குன்னு இருக்கும், கண்ணா. கொஞ்ச நேரம்தான். அழணும்னா அழலாம், கையை மட்டும் ஆட்டாம வெச்சுக்கணும். அம்மா இங்கயேதான் இருப்பேன்" என்று சொல்லுங்கள். கூட இருக்க அனுமதி இல்லையென்றால் அந்தக் கடைசி வரியைச் சொல்லாதீர்கள். "கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன், நீ முழிச்சதும் வந்துடுவேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

முழு மயக்கத்தை வெறுமனே "தூங்க வெச்சிடுவாங்க" என்று சொன்னால், பாதியில் முழித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று குழந்தை யோசிக்கும். அதற்குப்பிறகு ராத்திரித் தூக்கத்துக்கே பயப்படும் குழந்தைகளும் உண்டு. "இது ராத்திரி தூங்குற தூக்கம் இல்ல, மருந்தால வர்ற தூக்கம். டாக்டர் சரிபண்ற வரைக்கும் உனக்கு எதுவும் தெரியாது. முடிஞ்சதும் மருந்தை நிறுத்திடுவாங்க, நீ எழுந்திருவே" என்று விளக்கலாம். 'வெட்டுவாங்க', 'கிழிப்பாங்க' வேண்டாம். 'சரிபண்ணுவாங்க' என்பது போதும்.

இந்த வயதில் பல குழந்தைகள், தாம் ஏதோ குறும்பு செய்ததால்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்ளும். கேட்காவிட்டாலும் "நீ எந்தத் தப்பும் பண்ணல" என்று ஒருமுறையாவது சொல்லிவிடுங்கள். "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்று மிரட்டும் பழக்கம் வீட்டில் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். தாத்தா பாட்டியிடமும் சொல்லிவையுங்கள்.

4. பொம்மைக்கு ஆபரேஷன்

குழந்தையை டாக்டராக்கி, பொம்மையை நோயாளியாக்குங்கள். பொம்மை கைக்குக் கட்டுப் போடட்டும். ஒரு காகிதக் கோப்பையை அதன் மூக்கில் வைத்து மாஸ்க் என்று விளையாடட்டும். பிறகு தன் மூக்கில் வைத்து மெதுவாக மூச்சு விட்டுப் பார்க்கட்டும். நீங்கள் குறுக்கே பேசாமல் கவனியுங்கள். பொம்மையைக் கட்டிப்போட்டு அடித்தால், அல்லது பொம்மையின் அம்மாவை வெளியே அனுப்பிவிட்டால், எதற்குப் பயம் என்று அங்கேயே தெரிந்துவிடும். அதைப்பற்றிப் பேசுங்கள்.

5. வெறும் வயிறு

முழு மயக்கத்துக்கு முன் வயிறு காலியாக இருக்கவேண்டும். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம், அதனால்தான். பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு: லேசான உணவு, பசும்பால், பால்பவுடர் 6 மணி நேரம், தாய்ப்பால் 4, வெறும் தண்ணீர் 2. எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த உணவுக்கு 8 மணி நேரம். உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். தண்ணீருக்கு அனுமதித்த நேரம்வரை தண்ணீர் கொடுங்கள். தேவைக்குமேல் பட்டினி போட்டால் குழந்தை சோர்ந்து எரிச்சலாகிவிடும். அண்ணனோ அக்காவோ பாசத்தில் ஒரு பிஸ்கட்டை ஊட்டிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை எதையாவது சாப்பிட்டுவிட்டால் டாக்டரிடம் உடனே சொல்லவேண்டும்.

6. ஊசி போடும்போது

மரத்துப்போகச் செய்யும் கிரீம் தடவ முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். லிடோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த கிரீம் வேலை செய்யச் சுமார் ஒரு மணி நேரம் வேண்டும். கடைசி நிமிடத்தில் கேட்டுப் பயனில்லை.

குழந்தையைப் படுக்கவைத்து நான்குபேர் அமுக்குவதைவிட, மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, நெஞ்சோடு நெஞ்சாக அணைத்துக்கொள்வது நல்லது. கை அசையாமலும் இருக்கும், அது உங்கள் அணைப்பாகவும் இருக்கும். "மடியில வெச்சுக்கலாமா சிஸ்டர்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.

சோப்புக்குமிழி ஊதச் சொல்லுங்கள். ஊதும்போது மூச்சு தானாக நீளும், கவனமும் மாறும். "ஊசி போட்டுக்கலாமா?" என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்? "எந்தக் கால்ல பிளாஸ்டர் ஒட்டலாம்னு நீ சொல்றியா?" என்பதுபோல நிஜமாகவே குழந்தை முடிவெடுக்கக்கூடியதைக் கேளுங்கள். அறையில் ஒருவர் மட்டும் பேசினால் போதும். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்வது பயத்தைக் கூட்டவே செய்யும். அதைவிட ஒரு கதை சொல்லுங்கள். "பெரிய பையன் அழலாமா?" என்பதை யாராவது ஆரம்பித்தால், "அழட்டும், பரவாயில்லை" என்று தடுத்துவிடுங்கள்.

7. மயங்கும்போதும் விழிக்கும்போதும்

மாஸ்க் வைத்த சிறிது நேரத்தில் குழந்தையின் கண் மேலே செருகலாம், கை கால் உதறலாம், குறட்டை மாதிரிச் சத்தம் வரலாம். முன்பே தெரியாவிட்டால் பெற்றோருக்கு உயிரே போய்விடும். மயக்க மருந்தில் இது வழக்கம்தான். ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, சொன்னதும் வெளியே வந்துவிடுங்கள்.

விழிக்கும்போது சில குழந்தைகள் உங்களையே அடையாளம் தெரியாததுபோலக் கத்தி உதைக்கும், குழாயைப் பிடுங்கப் பார்க்கும். சின்ன வயதில் இது அதிகம். வலி இருக்கிறதா என்று நர்ஸ் பார்த்துக்கொள்வார். பெரும்பாலும் அரைமணி நேரத்தில் தானாகவே அடங்கும். அதுவரை கேள்வி கேட்காமல், விளக்கைக் குறைக்கச் சொல்லி, பழகிய குரலில் மெதுவாகப் பேசிக்கொண்டிருங்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையோ பொம்மையோ இங்கேதான் உதவும்.

8. வீட்டுக்கு வந்தபின்

முதலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், பிறகு லேசான உணவு. வலி மருந்தை டாக்டர் எடை பார்த்து எழுதிய அளவில், சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். வலி முற்றியபின் அடக்குவது கடினம். பாராசிட்டமால் சளி மருந்துகளிலும் இருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

மூச்சுத் திணறல், எழுப்பினாலும் எழாத மயக்கம், அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம் இருந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கவேண்டாம். தொடர்ந்த வாந்தி, வெகுநேரம் சிறுநீர் போகாமல் இருப்பது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், காயம் சிவந்து வீங்குவது ஆகியவற்றுக்கு டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

ஒன்றிரண்டு வாரம் குழந்தை இடுப்பைவிட்டு இறங்காமல் இருக்கலாம், படுக்கையை நனைக்கலாம், கனவு கண்டு அலறலாம். திட்டாதீர்கள். ஆஸ்பத்திரி விளையாட்டை அது கேட்கும்போதெல்லாம் விளையாடுங்கள். வாரங்கள் கடந்தும் குறையவில்லை என்றால் மறுபரிசோதனையின்போது டாக்டரிடம் சொல்லுங்கள். மடியில் வைத்தது உதவியதா, குமிழி உதவியதா, மாஸ்க்கைப் பார்த்து மிரண்டதா என்பதையும் டிஸ்சார்ஜ் காகிதத்தின் ஓரத்தில் எழுதிவையுங்கள். தையல் பிரிக்கும் நாளில் அதே காகிதத்தை நர்ஸிடம் காட்டலாம்.