ஐப்பசி ஈரத்தில் அயனித் திரவத்தை அளப்பது எப்படி

ஐப்பசி பிறந்து வாடை அடிக்கத் தொடங்கினால் கீழக்கரையில் எங்கள் வீட்டு உப்புச் சாடி கசிய ஆரம்பித்துவிடும். உம்மா அதில் ஒரு பிடி வறுத்த அரிசியைப் போட்டு வைப்பார். அயனித் திரவமும் உப்புதான். வாலிநோக்கம் உப்பளத்து உப்பு உருக 801 டிகிரி வேண்டும். இது 100 டிகிரிக்குள் உருகிவிடும், பல வகைகள் மேசை மேலேயே திரவமாக இருக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதில் சாடி உப்பைவிட மோசம். அதன் அகச்சிவப்பு நிறமாலையை, அதாவது எந்த அகச்சிவப்பு ஒளியை அது விழுங்குகிறது என்ற பதிவை, எடுத்தால் அந்த ஈரமும் சேர்ந்து பதிவாகும்.

பியூட்டைல் மெத்தில் இமிடசோலியம் டெட்ராஃபுளோரோபோரேட் என்ற அயனித் திரவத்தில் தொடங்குங்கள். முன்பாதி நேர் அயனி, பின்பாதி எதிர் அயனி. வெற்றிடத்தில் 60 டிகிரியில், கலக்கிக்கொண்டே, ஒரு முழு நாள் உலர்த்துங்கள். சூட்டை ஏற்றி அவசரப்பட வேண்டாம். ஈரமும் சூடும் சேர்ந்தால் இந்த ஃபுளோரின் அயனி சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும். கையுறையும், நச்சுப் புகையை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட்டும் கட்டாயம்.

மாதிரியைப் பொட்டாசியம் புரோமைடோடு சேர்த்து அழுத்தும் கேபிஆர் வில்லை வேண்டாம். அதுவே ஈரம் குடிக்கும், அதன் புரோமைடு உங்கள் எதிர் அயனியோடு இடம் மாற்றிக்கொள்ளவும் கூடும். வைரப் படிகம் வைத்த ஏடிஆர் போதும்; படிகத்தின் மேல் வைத்த சொட்டை, படிகத்துக்குள் பிரதிபலிக்கும் ஒளியால் அளக்கும் கருவி அது. வெற்றுப் படிகத்தின் பின்னணியை அப்போதைக்கு அப்போதே எடுத்துவிட்டு, ஒரு சொட்டு வையுங்கள்.

நன்றாக உலர்ந்திருந்தால் 2870 முதல் 2970 வரை பியூட்டைல் வால் தெரியும் (இங்கே எண்கள் எல்லாம் அலை எண், ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலை என்பது). 3120, 3160 அருகே இமிடசோலியம் வளையத்தின் கார்பன்-ஹைட்ரஜன் (சி-எச்) சிகரங்கள். 3200க்கு மேல் வெறும் சமதரை. இப்போது சொட்டை மூடாமல், நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யுங்கள். 3640, 3560 என்று இரட்டைச் சிகரம் மெல்ல எழும். ஊசி ஊசியாக இருந்தால் அது அறைக்காற்றின் நீராவி, கணக்கில் சேர்க்காதீர்கள். இந்த இரட்டைக்கு 2001இல் லண்டனில் டாம் வெல்டன் குழுவினர் விளக்கம் தந்தார்கள்: ஒரு நீர் மூலக்கூறு தன் இரண்டு ஹைட்ரஜனாலும் இரண்டு எதிர் அயனிகளைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிறது. கட்டில்லாத நீராவியில் அதே அதிர்வுகள் 3756, 3657. எவ்வளவு கீழே இறங்குகிறதோ, பிடி அவ்வளவு இறுக்கம். எதிர் அயனி ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட்டாக இருந்தால் 3672, 3595 வரைதான் இறங்கும். அதன் பிடி தளர்ச்சி. எனக்கு இந்தத் துறையில் இதைவிட அழகான காட்சி இல்லை.

ஈரம் இன்னும் ஏறினால் 3400 பக்கம் அகலமாக ஒரு மேடு வரும். அது நீரும் நீரும் கைகோத்தது. முதல் வருடம், கார்த்திகை அடைமழையில், அந்த மேட்டைப் பார்த்து நேர் அயனிக்கும் எதிர் அயனிக்கும் இடையிலான ஹைட்ரஜன் பிணைப்பு என்று ஆறு பக்கம் எழுதினேன். ஆறும் தவறு. அந்தப் பிணைப்பை வளையத்தின் சி-எச் சிகரத்தில்தான் தேட வேண்டும். எதிர் அயனி குளோரைடாக இருந்தால் அது 3050 அருகே சரிந்துவிடும்.

ஒவ்வொரு நிறமாலையிலும் தேதி, அறையின் ஈரப்பதம், அதே குப்பியில் எவ்வளவு நீர் என்று காட்டும் கார்ல் ஃபிஷர் அளவு மூன்றையும் எழுதுங்கள். என் முதல் நோட்டில் அவை இல்லை. அந்த 40 நிறமாலைகளில் ஒன்றைக்கூட இன்று என்னால் எடுத்து ஆள முடியவில்லை.