கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு ஆள் வைக்கலாமா? எங்கள் வீட்டுக் கணக்கு

எங்கள் வீடு களியக்காவிளையிலிருந்து கொஞ்சம் உள்ளே, ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. நான் தையல் கடை வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் துணி 23-ஆம் தேதி ராத்திரி வரைக்கும் வந்துகொண்டே இருக்கும். கணவர் துபாயில். வீட்டில் நான், மாமியார், ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகன். நட்சத்திரம், சீரியல் விளக்கு, குடில் எல்லாம் நாமே செய்வதா, ஆளை வைப்பதா என்ற பேச்சு நவம்பர் பிறந்ததும் வந்துவிடும். எல்லாவற்றையும் நாங்களே செய்த வருஷமும் உண்டு, எல்லாவற்றையும் ஆளிடம் விட்ட வருஷமும் உண்டு. இப்போது பிரித்துக் கொடுக்கிறோம். உயரத்தில் ஏறுகிற வேலையும் கரண்ட் வேலையும் ஆளுக்கு, தரையில் உட்கார்ந்து செய்கிறதெல்லாம் எங்களுக்கு.

முதலில் வீட்டு முற்றத்தில் நின்று மேலே பாருங்கள். ஓட்டு வீடு, திண்ணையில் ஒரு ஸ்டூல் போட்டால் கை எட்டும் என்றால் யாரையும் கூப்பிட வேண்டாம். எங்களுடையது மாடி வீடு. துலா மாத மழை கார்த்திகை தாண்டியும் நிற்காத ஊர் இது. சன்ஷேடிலும் கான்கிரீட் வார்ப்பின் ஓரத்திலும் டிசம்பரில் பாசி பிடித்துக் கிடக்கும். 2018-இல் லீவுக்கு வந்த கணவர் நட்சத்திரம் கட்ட சன்ஷேடில் இறங்கினார். கால் வழுக்கி, கை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் மாவுக்கட்டு, அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவருக்கு நான்தான் சோறு ஊட்டினேன். அதற்குப் பிறகு மாடிக்கு வெளியே காலை வைக்கிற எந்த வேலையும் எங்கள் வீட்டில் எவரும் செய்வதில்லை.

நீங்களே ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் ஏணியைச் சரியாகச் சாய்த்து வையுங்கள். சுவரில் ஏணி தொடுகிற இடம் 12 அடி உயரம் என்றால், அதன் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். போஸ்டிலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் பக்கத்தில் அலுமினிய ஏணியைக் கொண்டு போகவே கூடாது.

அடுத்தது கரண்ட். வீட்டு மெயின் போர்டில் ஷாக் அடித்தால் கட் ஆகிற ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். அதன்மேல் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும். டெஸ்ட் பட்டனை அமுக்கினால் கரண்ட் போக வேண்டும். அப்படி ஒன்று இல்லாத வீட்டில் மழையில் நனைகிற இடத்துக்கு சீரியல் இழுக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள். அலங்காரத்தில் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். வெளியே போடும் விளக்கின் பெட்டியில் ஐபி 65 என்று இருந்தால் மழை தாங்கும். ஒயரை முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் வெளியே இருக்கவே கூடாது.

கரண்ட் பில்லை நினைத்துப் பயப்பட வேண்டாம். எங்கள் எல்.இ.டி. எல்லாம் சேர்ந்து 150 வாட். ராத்திரி 6 மணி நேரம் எரிந்தால் 20 நாளைக்கு 18 யூனிட்தான் ஆகும்.

இனி கூலி. போன வருஷம் எங்கள் விளக்கையே கட்டித் தர பாறசாலைப் பக்கத்து அண்ணன் ஒருவர் 2,500 ரூபாய் வாங்கினார். மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டார். அதே வேலைக்கு எனக்கும் மகனுக்கும் ஒன்றரை நாள் ஆகும். டிசம்பரில் ஒன்றரை நாள் என்றால் எனக்கு நாலு சுடிதார். அதனால் அந்தக் கூலி எனக்குக் கட்டுப்படியாகிறது. வேலை குறைவான மாதமாக இருந்து, கூடப் பிடிக்க ஓர் ஆளும் இருந்தால் உங்கள் கணக்கு வேறு மாதிரி வரலாம். விளக்கை மட்டும் சொந்தமாக வாங்கிவிடுங்கள். நான் திருவனந்தபுரத்தில் சாலை கம்போளம் என்கிற சந்தையில் வாங்கினேன், நாலாவது வருஷமாக எரிகிறது.

ஆளைப் பேசுகிறதை டிசம்பருக்கு விடாதீர்கள். லைட் செட்காரர்கள் பலர் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடிகிற டிசம்பர் 3 வரை கைக்குக் கிடைக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோயிலும் அவர்களைப் பிடித்துக்கொள்ளும். நவம்பர் நடுவிலேயே பேசி, 4-ஆம் தேதிக்கு மேல் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். 24-ஆம் தேதி ராத்திரி விளக்கு அணைந்தால் யார் வருவார்கள், சுவரில் ஆணி அடிப்பார்களா, என்றைக்கு வந்து கழற்றுவார்கள் என்பதையெல்லாம் அப்போதே கேளுங்கள். கழற்றும் நாளுக்கென்று கூலியில் ஐந்நூறு ரூபாயாவது நிறுத்தி வையுங்கள். நாங்கள் முழு வேலையையும் ஒருவரிடம் விட்ட வருஷம், எங்கள் விளக்கு பிப்ரவரி வரை மாடியில் தொங்கியது. தேக்கு வாசல் நிலையில் அவர் அடித்த ஆணியின் துருக்கறை இன்னும் இருக்கிறது.

அந்த வருஷம் குடிலும் அவர்தான் வைத்தார். தெர்மோகோலில் செய்து, பஞ்சு ஒட்டி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், குடிலில் வைக்கிற பழைய மண் சுரூபங்களை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து ஜன்னல் திண்டில் தனியாக வரிசையாக வைத்திருந்தார். மூக்கு உடைந்த ஆட்டுக்குட்டியும் அதில் இருந்தது. என் கணவர் சின்ன வயதில் கீழே போட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. அதற்குப் பிறகு குடிலை வெளி ஆளிடம் கொடுத்ததே இல்லை.

புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் வைத்த குடிலிலும் வைக்கோல்தான். இங்கே அது எளிதாகக் கிடைக்கிற பொருள். சவுக்குக் கொம்பு, தென்னை ஓலை, வைக்கோல், ஆற்று மணல் இவை போதும். புல்லுக்குக் கேழ்வரகைப் பன்னிரண்டாம் தேதி ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் வடித்துத் துணியில் கட்டி வையுங்கள். முளை எட்டிப் பார்த்ததும் மண் பரப்பிய தட்டில் தூவி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் 24-க்குள் பச்சைப் பசேலென்று நிற்கும். வைக்கோல் பக்கத்தில் மெழுகுவர்த்தி வேண்டாம், சின்ன எல்.இ.டி. ஒன்று போதும்.

எங்கள் வீட்டில் தண்ணீர் தெளிக்கிறது மகனுடைய வேலை. ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் லைட் அண்ணன் வந்து மேலே இருப்பதைக் கழற்றிக் கீழே போடுவார். நான் அதை அட்டையில் சுற்றி, எந்தச் சுவருக்கு உள்ளது என்று சாக்பீஸால் எழுதி வைப்பேன். சுரூபங்களைப் பழைய வேட்டித் துணியில் பொதிகிறது மாமியாருடைய வேலை. அதை அவர் எவரிடமும் கொடுக்க மாட்டார்.