அமிகா 1200 ஆக்சிலரேட்டர் கார்டை ஓவர்கிளாக் செய்வது எப்படி? (வேலூர் வெயிலுக்கும் தாங்கும்படி)

1992-ல் வந்த அமிகா 1200 என்ற வீட்டுக் கம்ப்யூட்டரின் சொந்த பிராசஸர் 14 மெகாஹெர்ட்ஸ்தான். அடிப்பக்க மூடியைத் திறந்து 68030 என்ற வேகமான பிராசஸர் உள்ள ஆக்சிலரேட்டர் கார்டு ஒன்றைச் செருகினால் 50 மெகாஹெர்ட்ஸ் வரை கிடைக்கும். அதை 54, 60 என்று ஏற்றுவதுதான் இங்கே வேலை. இதற்கு செட்டிங் எதுவும் கிடையாது. கார்டில் கிளாக் துடிப்பைத் தரும் ஆசிலேட்டரையே மாற்ற வேண்டும்.

முதலில் சிப்பைப் படியுங்கள்

எம்சி68030ஆர்சி50 என்று இருந்தால், கடைசி 50தான் தயாரித்தவர் உறுதி கொடுத்த வேகம். 40 என்று அச்சான சிப் ஏற்கெனவே 50-ல் ஓடுகிறதென்றால் அதைத் தொடாதீர்கள். 68882 கோ-பிராசஸரும் (தசமக் கணக்குக்கான துணைச் சிப்) அதே கிளாக்கில் ஓடினால் அதன் எண்ணையும் பாருங்கள்.

வாங்க வேண்டியவை

54, 60 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் தலா ஒன்று, டர்ன்டு-பின் ஐசி சாக்கெட், ஹீட்சிங்க், 40 மி.மீ. 5 வோல்ட் ஃபேன். வேலூரில் கிடைக்காவிட்டால் காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்விடுங்கள். ஆசிலேட்டர் 5 வோல்ட்டுக்கானதா என்று கேட்டு வாங்குங்கள், 3.3 வோல்ட் வகை இங்கே உதவாது.

கழற்றுவது

ஆசிலேட்டர் நான்கு கால் உள்ள வெள்ளி நிற டப்பா. மூன்று மூலை உருண்டையாகவும் ஒரு மூலை கூராகவும் இருக்கும். கூர் மூலைதான் 1-ம் கால். பெரிய அளவு டப்பாவில், 14 கால் ஐசி போல எண்ணினால், 7 கிரவுண்ட், 8 அவுட்புட், 14 சப்ளை. திருப்பிப் போட்டால் சப்ளை தலைகீழாகி ஆசிலேட்டர் செத்துவிடும். கழற்றும் முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கார்டு பல அடுக்கு போர்டு. கிரவுண்ட் கால் சூட்டை இழுத்துக்கொள்வதால் அங்கே ஈயம் லேசில் உருகாது. அயர்னை 350 டிகிரியில் வைத்து, ஒவ்வொரு காலிலும் புது ஈயம் கொஞ்சம் சேர்த்து, பிறகு உறிஞ்சுங்கள். கால் தானாக அசையும் வரை டப்பாவை இழுக்கவே கூடாது. இழுத்தால் துளைக்குள் இருக்கும் செம்புப் பூச்சு கூடவே வந்துவிடும்; இந்தக் கார்டுக்கு மாற்று கிடைப்பது அரிது. அந்த இடத்தில் சாக்கெட்டைப் பற்றவைத்து, முதலில் பழைய 50-ஐயே செருகி ஓட்டிப் பாருங்கள். ஓடினால் சால்டரிங் சரி.

ஏற்றுவது, சோதிப்பது

ஹீட்சிங்கை ஒட்டி, மூடி மூடுகிறதா என்று பாருங்கள். 54-ஐச் செருகுங்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஃபிளாப்பியில் பூட் செய்யுங்கள். கணக்கு தப்பும் பிராசஸர் டிஸ்க்கில் எழுதினால் ஃபைல்கள் பாழாகும். சிஸ்இன்ஃபோ புரோகிராமில் வேகம் ஏறியிருப்பது தெரியும், ஆனால் அது சோதனை ஆகாது. மெமரி டெஸ்ட்டை மணிக்கணக்கில் ஓட்டுங்கள், பெரிய எல்ஹெச்ஏ ஃபைலை (சுருக்கி வைத்த ஃபைல்)த் திரும்பத் திரும்ப விரியுங்கள். சிஆர்சி (ஃபைல் சரிபார்ப்பு) பிழை ஒன்று வந்தாலும் தோல்விதான்.

ஆன் செய்ததுமே தடுமாறினால் பெரும்பாலும் ராம்தான் காரணம். 50-ல் ஒரு கிளாக் 20 நானோ செகண்ட், 60-ல் 16.7. அதற்கு 70 நானோ செகண்ட் சிம் (ராம் பலகை) ஈடு கொடுக்காது, 60 நானோ செகண்ட் சிம் போடுங்கள். அரைமணி கழித்து 80000003, 80000004 என்று குரு மெடிட்டேஷன் (அமிகா கிராஷ் ஆகும்போது காட்டும் செய்தி) வந்தால் சூடுதான் காரணம். 8000000பி வந்தால் கோ-பிராசஸரைச் சந்தேகப்படுங்கள். எதுவும் இல்லாமல் ரீசெட் ஆனால், மல்டிமீட்டரை கார்டிலேயே வைத்து அளந்து பாருங்கள், 4.75 வோல்ட்டுக்குக் கீழே என்றால் பவர் சப்ளை போதவில்லை.

சூடேறினால் சிப்புக்குள் டிரான்சிஸ்டர்கள் மெதுவாகிவிடும். அதனால் மார்கழிக் காலையில் 60-ல் நாள் முழுக்க ஓடிய கார்டு, 40 டிகிரி தாண்டும் கத்திரி வெயிலில் மதியம் 2 மணிக்குத் தொங்கிப்போகும். நம் ஊரில் மே மாத மதியச் சோதனையில் தேறிய வேகத்தையே நிரந்தரமாக வையுங்கள். மெஷினுக்கு அடியில் 2 செ.மீ. கட்டைகள் வைத்து, ஃபேன் காற்று மூடியின் துளைகள் வழியே போகும்படி செய்யுங்கள். அப்படியும் 60 நிற்காவிட்டால் 54-க்கே திரும்புங்கள்.

பழைய 50 ஆசிலேட்டரை உறையில் போட்டு, கார்டு பெட்டியிலேயே வையுங்கள்.